எந்த வீட்டு டியூப்?

எங்கள் ஆஸ்பத்திரி லேபில், மேசை இழுப்பறையின் கைப்பிடியில், காஸ் துணியைக் கயிறாகத் திரித்து ஒரு வெள்ளை பிளாஸ்டர் சுருளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார் பாய். காயத்தின் மேல் ஒட்டுகிற சாதாரண பிளாஸ்டர்தான். ஆனால் அது ஒரு காயத்தையும் பார்த்ததில்லை. வார்டிலிருந்து ரத்தம் எடுத்து வருகிற ஒவ்வொரு டியூபிலும் பெயருக்குக் கீழே விரல் அகலத்துக்கு ஒரு துண்டைக் கிழித்து ஒட்டி, அதில் பேனாவால் எழுதுவோம். 'மேல வீடு, பெரியவ.' 'புதுவயல் மில், டிரைவர் மாமியார்.' 'அரியக்குடி, ரெட்டையில் மூத்தவன்.' வெளியூர் டாக்டர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். இன்றைக்கு அந்த மேசையும் இல்லை, சுருளும் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் எழுப்பி, அதற்குள்ளே மெசினை நிறுத்தி, வெளியே ஆள் உயர எழுத்தில் 'மனிதக் கை படாத பரிசோதனை' என்று ஒட்டியிருக்கிறார்கள். இட்லி மாவுப் பாக்கெட்டில் போடுகிற வாசகம். தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போகிறேன். தினமும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பாய் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். கதவில் லேப் இன்சார்ஜ் என்று எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. வளைகுடா நாட்டில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் லேபில் பல வருடம் வேலை பார்த்தவர். தகப்பனார் மௌத்தான பிறகு குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஊரோடு வந்துவிட்டார். நான் மதுரையில் வேலை பார்த்து, கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்தவள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. என் அம்மா பள்ளிக்கூட டீச்சர் என்பதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவர் என்னை 'டீச்சர் மகளே' என்றுதான் கூப்பிட்டார், ஏதோ நான் இன்னும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. அத்தர் வாசனை மாடிப்படியில் ஏறும்போதே தெரியும். மறுத்துப் பேசினால் பிடிக்காது. 'நாங்க அங்குட்டு இருந்தப்ப' என்று ஆரம்பித்தால் அரை மணி நேரத்துக்கு முடிக்க மாட்டார். நல்லவர்தான், ஆனால் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்க லேசான மனிதர் இல்லை.

அவரைப் பற்றிச் சொன்னால் கேட்கிறவர்கள் உடனே தலையை ஆட்டி, 'ஆமாம், அந்தக் காலத்துக் கைவேலை வருமா?' என்கிறார்கள். அதைக் கேட்டாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தக் காலத்துக் கைவேலையை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் ரத்தநீரைக் கண்ணாடிக் குழாயில் வாயால் உறிஞ்சி எடுத்துத்தான் பாயும் நானும் இந்தத் தொழிலைப் படித்தோம். கொஞ்சம் அதிகமாக உறிஞ்சினால் நாக்கில் உப்புக் கரிக்கும். பாய்க்கு இளவயதிலேயே மஞ்சள் காமாலை வந்து, ஈரல் பிறகு எப்போதும் சரியாக இருந்ததில்லை; அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். ஒரே சர்க்கரை அளவைக் காலையில் ஒருவர் பார்த்தால் ஒன்று, மாலையில் களைத்துப்போன கண் பார்த்தால் வேறொன்று. புதுவயல் ரைஸ் மில்லில் வேலை பார்க்கிற பெண்கள் ஒரு நாள் கூலியை விட்டு ரத்தம் கொடுக்க வருவார்கள். ரிப்போர்ட் வாங்க மறுபடி ஒரு நாள் கூலியை விட்டு வருவார்கள். இரண்டாம் நாள் வராமலே போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய ரிப்போர்ட்டுகள் இழுப்பறையில் கிடந்து பழுப்பேறும். இதற்கா ஏங்கச் சொல்கிறீர்கள்?

ஆகவே மெசின் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவரே பாய்தான். எதிர்த்தவள் நான். மெசின் வந்தால் ஆளைக் குறைப்பார்கள் என்று எனக்குப் பயம். வீட்டுக் கடன் இருந்தது, பையன் படித்துக்கொண்டிருந்தான். இதைச் சொல்லி அவரோடு எத்தனையோ நாள் மல்லுக்கு நின்றிருக்கிறேன். அவர் மசியவில்லை. "மெசினுக்குத் தூக்கம் வராது, கோபம் வராது. எனக்கு ரெண்டும் வருது டீச்சர் மகளே. என் கோபத்துக்கு ஏன் நோயாளி ரிப்போர்ட் மாறணும்?" என்பார். ஆளைக் குறைப்பது பற்றிக் கேட்டால், வளைகுடாவில் தான் பார்த்ததைச் சொல்வார். மெசின் வந்தபோது மேசையிலிருந்து எழுந்த ஆட்கள் வார்டுக்குப் போனார்களாம். படுக்கைப் பக்கத்தில் நின்று ரத்தம் எடுப்பது, ஆபத்தான எண் வந்தால் உடனே போன் போட்டு டாக்டரைப் பிடிப்பது, மெசின் சந்தேகப்பட்டதைத் திரும்பப் பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. மெசின் கையை மிச்சப்படுத்துகிறது, அந்தக் கையை நோயாளியிடம் அனுப்பு என்பதுதான் அவர் கணக்கு. நிர்வாகியிடம் இதை எடுத்துச் சொன்னார். நிர்வாகி எல்லாவற்றுக்கும் சரி சொன்னார். சரி சொல்வதற்குச் செலவில்லை அல்லவா.

மெசின் வந்த அன்று பாய் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். லேப் முழுக்க பால்கோவா கொடுத்தார். முதல் ரிப்போர்ட் வெளியே வந்தபோது, அதை வாங்க நின்ற மில்காரப் பெண்ணிடம், "அடுத்த பஸ்ஸுக்கே போயிரலாம்த்தா, நாளைக்கு வர வேணாம்" என்று அவர் சொன்னதையும், அந்தப் பெண் நம்பாமல் அங்கேயே நின்றதையும் நான் மறக்கவில்லை. அன்றைக்கு நான் தோற்றுப்போனேன், தோற்றதில் எனக்கு வருத்தமும் இல்லை. எண்கள் சரியாக வந்தன. நாங்கள் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை செய்ததை அது டீ குடிக்கிற நேரத்தில் செய்தது. நேற்றைய ரத்தத்துக்கும் இன்றைய ரத்தத்துக்கும் பொருந்தாமல் இருந்தால் மஞ்சள் குறி போட்டு, 'இதை ஒரு ஆள் பார்க்கட்டும்' என்று ரிப்போர்ட்டை நிறுத்தி வைக்கிற வசதியும் அதில் இருந்தது. அதற்காகவே அந்த மாடல் வேண்டும் என்று பாய் போராடி வாங்கியிருந்தார்.

ஆனால் மூன்று மாதம் போவதற்குள் சாயம் வெளுத்தது. வார்டுக்குப் போய் ரத்தம் எடுத்து வந்த எங்கள் ஆட்களுக்கு ஒவ்வொருவராகக் கணக்கு முடித்தார்கள். ரத்தம் எடுக்கிற வேலை, ஏற்கெனவே மூச்சுவிட நேரமில்லாத நர்ஸுகளின் தலையில் விழுந்தது. பெயர் பதிகிற வேலை முன்கவுண்டருக்குப் போனது. சர்வீஸ் இன்ஜினியர் வந்து, பார்கோடுக்குப் பக்கத்தில் எதையும் ஒட்டக் கூடாது, தடித்த டியூப் ரேக்கில் சிக்கும் என்றார். பாய் அதற்கு மல்லுக்கட்டவில்லை. நியாயம்தான் என்று அவரே சுருளை அவிழ்த்து வைத்தார். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார். பதிவு செய்கிற திரையில், பெயர், இனிஷியல், வயது ஆகியவற்றுக்குக் கீழே இன்னும் ஒரு கட்டம். எந்த வீடு, வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று எழுதிக்கொள்ள ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டம் பார்கோடு ஸ்டிக்கரிலும் அச்சாக வேண்டும். நிர்வாகி சாஃப்ட்வேர்காரர்களைக் கேட்டார். அதற்குத் தனியாகப் பணம் ஆகும் என்றார்கள். உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் கேட்காததை இவர் ஏன் கேட்கிறார் என்று நிர்வாகி சிரித்தாராம். "யானை வாங்கக் காசு இருக்கு, அங்குசம் வாங்க இல்லையாக்கும்" என்று பாய் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தார்.

எந்த ஆஸ்பத்திரியிலும் கேட்காததை எங்கள் ஊரில் ஏன் கேட்க வேண்டும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். செட்டிநாட்டு வீடுகளில் மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். அண்ணன் தம்பிகள் நாலு பேர் இருந்தால் நாலு வீட்டிலும் ஒரே பெயரில் ஒரு பிள்ளை இருக்கும். அண்ணன் முத்தையா, தம்பி முருகப்பன் என்றால் இனிஷியலும் ஒன்றாகிப் போகும். அதற்கு மேல் இன்னொன்று உண்டு. மாமியாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. அதனால் பெற்ற மகளையே அந்தத் தாய் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். பாப்பா, பெரியவ, சின்னாத்தா என்று வீட்டுக்கு ஒரு பெயர் இருக்கும். நர்ஸ் வந்து, 'இவங்க பேரு இதுதானே?' என்று கேட்டால் தாய் தலையை மட்டும் ஆட்டுவாள். அந்தத் தலையாட்டல் நாலு வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்தும். வளைகுடாவில் இருந்துவிட்டு வந்த பாய் அதனால்தான் டியூபோடு போய், "வீட்ல எப்படிக் கூப்பிடுவீக, ஆச்சி?" என்று கேட்டு பிளாஸ்டரில் எழுதினார். ஊருக்குத் தகுந்த முறை அது, அவ்வளவுதான்.

கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டில் அந்த வருடம் படைப்பு. முன்னோருக்குப் படைக்கிற அந்தச் சடங்குக்குப் பங்காளிகள் எங்கே இருந்தாலும் வந்துவிடுவார்கள். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டில் தொட்டியிலும் அண்டாவிலும் தேங்கிய தண்ணீரில் கொசு பெருகியிருந்தது. டெங்கு நேரம் வேறு. சென்னையிலிருந்து வந்த அண்ணன் மகளுக்கும், கோயம்புத்தூரிலிருந்து வந்த தம்பி மகளுக்கும் அடுத்தடுத்துக் காய்ச்சல் வந்து எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரே அறையில் சேர்த்தார்கள். இருவரும் காலேஜில் படிக்கிற பெண்கள். இருவருக்கும் அப்பத்தாவின் பெயர். உமையாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயர் வேண்டாம். இனிஷியலும் ஒன்று, வயதும் ஒன்று. வீட்டில் ஒருத்தி பெரியவ, ஒருத்தி சின்னவ. முதல் நாள் ரத்தத்தில் பெரியவளுக்குத் தட்டணுக்கள் குறைந்து கொண்டிருந்தன. சின்னவளுக்கு ஒன்றும் பயமில்லை, சாதாரணக் காய்ச்சல்தான்.

இரண்டாம் நாள் ஃபேன் காற்று சரியாக வரவில்லை என்று பெரியவள் சொல்ல, சின்னவள் தன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவள் கட்டிலில் படுத்திருக்கிறாள். அக்கா தங்கை அன்பு. யாரைக் குற்றம் சொல்வது? மறுநாள் விடியற்காலையில், முப்பது கட்டிலுக்கும் ஒரே ஆளாக ரத்தம் எடுத்துக்கொண்டு வந்த நர்ஸ், கட்டில் வரிசைப்படி அச்சடித்துக் கொடுத்த ஸ்டிக்கர்களோடு உள்ளே வந்தாள். பெயரைச் சொல்லிக் கேட்டாள். தூக்கக் கலக்கத்தில் இரண்டு பெண்களும் 'ம்' என்றார்கள், இரண்டு தாய்மாரும் தலையை ஆட்டினார்கள். அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள், அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். ஸ்டிக்கரில் வேறுபட்டது பொடி எழுத்தில் ஒரு நீள எண் மட்டும். டியூப் மாறிவிட்டது. விடிந்ததும் இருவரும் அவரவர் கட்டிலுக்குத் திரும்பிவிட்டார்கள்.

மெசினில் தவறில்லை. இரண்டு ரத்தத்தையும் சரியாகவே எண்ணியது. அதற்கும் மேலே போய், நேற்றைக்கும் இன்றைக்கும் பொருந்தவில்லை என்று இரண்டுக்கும் மஞ்சள் குறி போட்டது. அந்தக் குறியைப் பார்க்க அங்கே ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும். ஆள் இல்லை. என்னை அன்று கீழே வெளிநோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கப் போட்டிருந்தார்கள். மெசின் பக்கத்தில் இருக்க வேண்டியவருக்குப் முந்தின மாதம்தான் கணக்கு முடித்திருந்தார்கள். குறி போட்ட ரிப்போர்ட்டை நிறுத்தி வைக்கிற வசதியோ, டிஸ்சார்ஜ் தாமதமாகிறது, கட்டில் காலியாக மாட்டேன் என்கிறது என்பதற்காக நிர்வாகியின் உத்தரவில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பாய் அதை எதிர்த்துச் சண்டை போட்டுத் தோற்றிருந்தார். ஆகவே மஞ்சள் குறியோடு இரண்டு ரிப்போர்ட்டும் நேரே வார்டுத் திரைக்குப் போயின. பெரியவளின் பதிவில் நல்ல எண். காய்ச்சலும் விட்டிருந்தது. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கண்டம் என்பது டூட்டி டாக்டருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கையில் நல்ல ரிப்போர்ட் இருக்கிறது, வீட்டில் படைப்புக்கு அவசரம் என்று குடும்பத்தார் நிற்கிறார்கள். மதியத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாத சின்னவளுக்குத் தட்டணு ஏற்ற மதுரைக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. பாய் ஜும்மா தொழுகை முடித்து வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றாமல், வழக்கம்போல மஞ்சள் குறி விழுந்தவற்றை முதலில் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கச் சொல்லவில்லை. அவர் பார்க்காமல் இருக்க மாட்டார். அடுத்தடுத்து இரண்டு உமையாள், ஒருத்திக்கு ஏறியிருக்கிறது, ஒருத்திக்கு இறங்கியிருக்கிறது. மாடிக்கு ஓடினார். கட்டிலில் தனியாகப் படுத்திருந்த பெண்ணிடம், "ஆத்தா, நீ பெரியவளா, சின்னவளா?" என்று கேட்டார். "சின்னவ" என்றாள். அங்கேயே அவர் கையால் ரத்தம் எடுத்து வந்து மெசினில் வைத்தார். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அப்போது நானும் பக்கத்தில் வந்துவிட்டிருந்தேன். அவர் முகத்தில் நான் அதற்கு முன் பார்க்காத ஒரு வெளுப்பு. "அப்ப வீட்டுக்குப் போனது அந்தப் பிள்ளை" என்றார்.

பதிவில் இருந்த போன் எண்ணை எடுப்பார் இல்லை; படைப்பு நேரத்தில் யார் போனைப் பார்ப்பார்கள். ஆம்புலன்ஸ் அனுப்ப நிர்வாகி கையெழுத்து வேண்டும் என்றார்கள், நிர்வாகி மீட்டிங்கில் இருந்தார். பாய் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த வீட்டில் நடந்ததை அந்தப் பெண்ணின் தாய் பிற்பாடு என்னிடம் சொன்னார். முகப்பில் பங்காளிகள் எல்லாம் கூடியிருந்த இடத்தில், லேப் கோட்டும் தொப்பியுமாக ஒருவர் வந்து நின்று, பெரியவ எங்கே என்று கேட்டிருக்கிறார். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்களாம். பிள்ளை அசதியாக உள்ளே தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் தலையணையில் ரத்தம், ஈறிலிருந்து வடிந்திருக்கிறது. கையும் காலும் சில்லிட்டுப்போயிருந்தன. ஆஸ்பத்திரியில் நல்லாகிவிட்டது என்றுதானே சொன்னார்கள் என்று தகப்பனார் சத்தம் போட, பாய் சொன்னது ஒரே வரி. "ரத்தம் மாறிப்போச்சு, அது எங்க தப்பு. இப்ப கேள்வி வேணாம், தூக்குங்க."

காரில் போட்டு எடுத்து வந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, பிறகு மதுரைக்குக் கொண்டுபோய், அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். இப்போது கல்யாணமாகிக் குழந்தையோடு இருக்கிறாள். கேட்டால் யாருக்கும் சந்தோஷமாக இருக்கும். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

விசாரணை என்று ஒன்று நடத்தினார்கள். மெசின் சரியாக வேலை செய்திருக்கிறது, சாஃப்ட்வேர் சரியாக வேலை செய்திருக்கிறது, தவறு மனிதத் தவறு என்று முடிவு கட்டினார்கள். முப்பது கட்டிலுக்கு ஒரே ஆளாக நின்ற அந்த நர்ஸை அன்றே அனுப்பினார்கள். பிறகு பாயைக் கூப்பிட்டார்கள். டூட்டி நேரத்தில் லேபை விட்டு வெளியே போனது ஒரு குற்றம். அதைவிடப் பெரிய குற்றம், நோயாளி வீட்டு வாசலில் நின்று 'எங்க தப்பு' என்று சொன்னது. நர்ஸின் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் இதோடு விட்டுவிடலாம் என்றார்கள். நானும் அந்த அறையில் இருந்தேன். பாய் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். எதற்கெடுத்தாலும் கத்துகிற மனிதர் அன்று கத்தவில்லை. "அந்த நர்ஸ் பிள்ளை கேக்க வேண்டியதத்தான் கேட்டுச்சு. கேக்குறதுக்கு ஒரு கட்டம் கேட்டேன், நீங்க குடுக்கல. பாக்குறதுக்கு ஒரு ஆள் கேட்டேன், நீங்க அனுப்பிட்டீக. இதுல நான் யார் பேரை எழுத?" என்றார். அவர் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். இறங்கிப் போகும்போது லேபுக்கு வந்து மெசினை ஒருமுறை தட்டிக் கொடுத்தார். அதன்மேல் அவருக்குக் கோபமே இல்லை.

கட்டம் இன்றுவரை வரவில்லை. சாஃப்ட்வேரை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. திரையின் நிறம் மாறியது, நோயாளிக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிற வசதி வந்தது. அந்த ஒரு கட்டம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் நான் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொள்கிறார்கள். சில நாள் எனக்கு ஒரு பாவ எண்ணம் வரும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலில் இருக்கும்போதுகூட வரும். அந்தப் பெண் செத்திருந்தால் கட்டம் வந்திருக்கும். கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள், பேப்பரில் வந்திருக்கும், மறுவாரமே கட்டத்தோடு ஒரு ஆளையும் போட்டிருப்பார்கள். ஒரு மனிதர் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அவளைக் காப்பாற்றிவிட்டார், அதனால் ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிட்டது. நல்லது செய்தால் அது இப்படியா முடிய வேண்டும்?

சென்ற மாதம் பாய் ஆஸ்பத்திரிக்கு வந்தார், நோயாளியாக. கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, மகன் தோளைப் பிடித்துப் படி ஏறினார். வேறு இடத்துக்குப் போயிருக்கலாமே பாய், இவர்கள் முகத்தில் ஏன் முழிக்கிறீர்கள் என்று கேட்டேன். மெசின் இங்கேதானே இருக்கிறது என்றார். கவுண்டரில் அவர் பெயரைத் தட்டிய பெண், அதே பெயரில் திரை நிறைய ஆட்கள் வந்ததைப் பார்த்துவிட்டு, முகம்மது என்பதைப் பெயராகப் போடுவதா, இனிஷியலாகப் போடுவதா என்று விழித்தாள். பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான்தான் சிரிக்கவில்லை.

வார்டில் சேர்த்த பிறகு ரத்தத்தை நானே எடுத்தேன். வார்டுக்குப் போய் ரத்தம் எடுப்பது இப்போது என் வேலை இல்லை. அவருடைய கை முன்னைப்போல இல்லை, நரம்பு கிடைக்கச் சிரமமாக இருந்தது. அந்தக் கைகளை வீசி வீசி அவர் கத்தியதெல்லாம் ஞாபகம் வந்து எனக்குக் கண் கலங்கியது. எதையாவது பேச வேண்டும் என்று, ரிப்போர்ட் உடனே வந்துவிடும் பாய் என்றேன். "மெசின் சரியாத்தான் சொல்லும், டீச்சர் மகளே. அது என் ரத்தந்தானான்னு மட்டும் நீங்க பாத்துக்கங்க" என்றார்.

அவர் வேலையை விட்டுப் போன அன்று இழுப்பறையில் கிடந்த அந்தச் சுருளை நான் என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து அது என்னோடுதான் இருக்கிறது. ஓரமெல்லாம் அழுக்கேறிவிட்டது, பசை மட்டும் இன்னும் பிடிக்கிறது. ஒரு துண்டு கிழித்து, பார்கோடில் படாமல் டியூபின் மூடியில் ஒட்டினேன். 'நம்ம பாய்' என்று எழுதினேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த ஆள் உயர எழுத்துகளைத் தாண்டி உள்ளே போய் ரேக்கில் வைத்தேன். மெசின் ஒரு முனகலும் இல்லாமல் எடுத்துக்கொண்டது. ஈரலோடு சிறுநீரகத்தின் எண்களும் மோசமாகத்தான் வந்தன. அவை அவருடைய எண்கள்தான். இப்போது வாரந்தோறும் டயாலிசிஸுக்கு வருகிறார், நானே ரத்தம் எடுக்கிறேன், நானே ஒட்டுகிறேன். டியூபில் வெளிப்பொருள் ஒட்டியதற்காக எனக்கு ஒரு மெமோ வந்திருக்கிறது. ஏன் ஒட்டினேன் என்று விளக்கம் கேட்கிறார்கள். எழுதிக் கொடுக்க ஒரு கட்டம் விட்டிருக்கிறார்கள் அதில், பெரிய கட்டம்.